கற்கடகசிங்கிக்குள் நாலு விதமான அசுவினி: நாலு இனமா, ஒரே இனமா?

தோவாளை_மாணவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். புராஜெக்டுக்குத் தாவர முடிச்சுகளை எடுத்திருக்கிறேன், அதாவது பூச்சி சாறு உறிஞ்சும்போது இலையும் காம்பும் வீங்கி அந்தப் பூச்சிக்கே வீடாகிப் போகுமே, அது. நம் மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு வைத்தியர் இருப்பதால் காட்டுக்குப் போவதற்கு முன்னால் நாட்டு மருந்துக் கடைக்குத்தான் போனேன். மாசிக்காய், கடுக்காய்ப்பூ, கற்கடகசிங்கி மூன்றுமே முடிச்சுகள்தானே. அதில் கற்கடகசிங்கி அசுவினி, அதாவது சாறு உறிஞ்சும் செடிப்பேன், கட்டியது என்று படித்ததால் அதையே பிடித்துக்கொண்டேன்.

கோட்டாறில் வாங்கிய சரக்கு. கொம்பு மாதிரி வளைந்து, மேலே சுருக்கம் விழுந்து, உள்ளே வெறும் கூடு. உடைத்து வெள்ளைத்தாளில் தட்டினால் சாம்பல் நிறத் தூள் கொட்டுகிறது. அதை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் தூளில் பாதி பூச்சி உடம்பு, மீதி உரித்த தோல். பிரச்சினை இங்கேதான். உடம்புகள் ஒரே மாதிரி இல்லை. சிறகு உள்ளது ஒன்று, அதன் உணர்கொம்பில் ஆறு துண்டு எண்ண முடிகிறது. சிறகில்லாமல் சின்னதாக ஒன்று. தோளில் சிறகு மொட்டு மட்டும் உள்ளது ஒன்று. அப்புறம் உருண்டையாக, குட்டைக் காலோடு, உணர்கொம்பில் நாலே துண்டோடு ஒன்று, அது மட்டும் எண்ணிக்கையில் மிகக் குறைவு.

ஒரே முடிச்சுக்குள் நாலு இனம் குடியிருக்குமா? சிங்கியும் பிஸ்தாசியா மரத்து முடிச்சு என்பதால் கையில் ஒரு கீ, அதாவது அடையாளம் பார்த்து இனத்தைக் கண்டுபிடிக்கிற பட்டியல், வைத்திருக்கிறேன், மத்தியதரைக்கடல் பக்கத்துப் பிஸ்தாசியா மரங்களில் முடிச்சு போடும் அசுவினிகளைப் பற்றியது. ஜியோய்கா என்ற பேரினம் என்றால் உடம்பு மயிர் நுனி தட்டையாக அகன்றிருக்கும் என்கிறது, ஸ்மிந்துரோடஸ் பேரினம் என்றால் உணர்கொம்பின் இரண்டாவது துண்டு மூன்றாவதற்குச் சமமாக நீண்டிருக்கும் என்கிறது. என்னிடம் இருப்பதில் இரண்டுமே இல்லை. நெருங்கின இனங்களை உடம்பு அடையாளத்தால் பிரிக்க எதை முதலில் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அண்ணன்மாரே அக்காமாரே.


கோட்டாறு_சரக்கு எழுதியது:

பூச்சி இனமெல்லாம் எனக்குத் தெரியாது. கடை எங்கள் குடும்பத் தொழில், அதனால் சரக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் வாங்கினது சிங்கிதானா என்று பாருங்கள். அசல் சரக்கு வடக்கே இமயமலைப் பக்கத்திலிருந்து வருவது. தெற்கே கடுக்காய் மரத்து முடிச்சையும் சிங்கி என்று சொல்லித் தள்ளுவது உண்டு, கேட்கிறவர்களுக்கும் கொடுக்கிறவர்களுக்கும் பாதி நேரம் வித்தியாசம் தெரியாது. அசல் என்றால் ஓடு மெல்லிசு, உள்ளே முழுக்கக் கூடு, உடைத்தால் நீங்கள் சொன்ன அதே தூள் கொட்டும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அசல் மாதிரித்தான் தெரிகிறது, ஆனாலும் ஒரு பிடி சரக்கில் இரண்டும் கலந்து வரும், உடைக்கும்போது ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் உடையுங்கள்.

இன்னொன்று. மூட்டையில் ரொம்ப நாள் கிடந்த சரக்கில் வண்டு விழும், சிகரெட் வண்டு என்பார்கள், அதுவும் அதன் புழுவும் இருக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் வெள்ளையாகப் பொடிப்பேனும் ஓடும், பழைய புத்தகத்தில் ஓடுமே அது. அதெல்லாம் கடையில் ஏறினது, மரத்தில் ஏறினது இல்லை. அதையும் எண்ணிக் கணக்கு எழுதிவிடாதீர்கள்.


வேளிமலை எழுதியது:

கடைக்கார அண்ணன் சொன்னதுதான் முதல் வேலை. புத்தகப் பேனுக்கு உணர்கொம்பு நூல் மாதிரி நீண்டு பத்துத் துண்டுக்கு மேல் இருக்கும், வாயும் கடிக்கிற வாய். அசுவினி என்றால் உறிஞ்சுகுழல் முன்னங்கால்களுக்கு நடுவில் கீழ்நோக்கி மடிந்திருக்கும், பாதத்தில் இரண்டு துண்டு, இரண்டு நகம். இந்த இரண்டு மூன்று அடையாளத்திலேயே வண்டு, பேன் எல்லாம் விலகிவிடும்.

இனி கேள்விக்கு வருவோம் மக்களே. நாலு இனம் என்று எழுதுவதற்கு முன்னால் நாலு உருவம் என்று எழுது. அசுவினியில் ஒரே இனமே காலத்துக்குத் தக்கபடி வேறு வேறு உடம்போடு வரும், அதிலும் முடிச்சு போடும் கூட்டத்தில் இந்த வித்தியாசம் ரொம்ப அதிகம். உன் கையில் இருக்கிற உருண்டை அனேகமாக முதல் தாய், ஃபண்டாட்ரிக்ஸ் என்பார்கள். வசந்தத்தில் முட்டையிலிருந்து வந்து முடிச்சைத் தொடங்கி வைப்பவள் அவள்தான். உள்ளேயே உட்கார்ந்து தின்று, ஆணில்லாமலே குட்டி போடுவதோடு அவள் வேலை முடிந்தது, வெளியே போகிற அவசியம் இல்லாததால் காலும் குட்டை, உணர்கொம்பும் குட்டை, துண்டும் குறைவு. ஒரு முடிச்சுக்கு ஒரு தாய்தான் வழக்கம், எண்ணிக்கையில் குறைவு என்று நீயே சொன்னாய், அதுவே ஒரு சாட்சி. சிறகில்லாத சின்னது அவளுடைய பிள்ளைகளும் பேத்திகளும், சிறகு மொட்டு உள்ளது கடைசித் தோலை உரிக்க வேண்டியவள், சிறகுள்ளது முடிச்சு வெடித்ததும் புல்லின் வேரைத் தேடிப் பறந்து போக வேண்டியவள். ஆக ஒரே குடும்பத்தின் தாயும் பேத்தியும் தங்களுக்குள் வேறுபடுகிற அளவுக்குப் பக்கத்து இனத்துப் பேத்தி இந்தப் பேத்தியிலிருந்து வேறுபடமாட்டாள். இதைப் புரிந்துகொள்ளாமல் அளவெடுத்தால் எல்லா அளவும் வீண்.

எனவே உருவத்தைப் பிரித்து வைத்துவிட்டு ஒரே உருவத்தைத்தான் ஒப்பிட வேண்டும். எதை எடுப்பது என்றால் சிறகுள்ளதை எடு. அதில்தான் பார்க்கிறதற்கு நிறைய உறுப்பு இருக்கிறது.

முதலில் முன்சிறகு. நடு நரம்பு கிளை விடாமல் நேராக ஓடுகிறதா, ஒருமுறை பிரிகிறதா, இரண்டு முறை பிரிகிறதா? பயறு, கடுகு, பருத்தியில் நாம் பார்க்கிற சாதாரண அசுவினிக்கு இரண்டு முறை பிரியும். எரியோசோமா பேரினத்தில் ஒருமுறை பிரியும். பாப்லர் மரத்து பெம்ஃபிகஸிலும் பிஸ்தாசியா கூட்டத்திலும் கிளையே இருக்காது. இது இனத்தைச் சொல்லாது, எந்த வீட்டுக்காரி என்று சொல்லும். அடுத்தது வயிற்றின் பின்பக்கம். சாதாரண அசுவினிக்கு இருக்கிற இரண்டு குழல் இங்கே தேடினால் கிடைக்காது, பெம்ஃபிகஸில் சிலதற்கு வெறும் துளையாக இருக்கும், பிஸ்தாசியா கூட்டத்துக்கு அதுவும் இல்லை. வால்நுனியும் குட்டையாக அரைவட்டமாக நின்றுவிடும். அதனால் தோட்டத்து அசுவினிக்கு எழுதின கீயில் 'குழல் நீளம், வால் நீளம்' என்று கேட்கிற இடமெல்லாம் உனக்குப் பயன்படாது.

நெருங்கின இனங்களுக்குள் போகும்போது உணர்கொம்புதான் எல்லாம். சிறகுள்ளவளின் மூன்றாம் துண்டிலிருந்து மேலே மோப்பக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் எத்தனை, அவை குறுக்கே ஓடும் குறுகிய பட்டையா, நீள்வட்டமா, ஒழுங்கில்லாத அகலத் திட்டா, பட்டை என்றால் துண்டைப் பாதி சுற்றுகிறதா முழுக்கவா, கடைசித் துண்டில் இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொரு பூச்சிக்கும் வலது இடது இரண்டு கொம்பிலும் எண்ணு. ஒரே பூச்சியில் வலதில் ஒன்று கூடும் இடதில் ஒன்று குறையும், அது சகஜம், அதனால்தான் ஒரு பூச்சியை வைத்து முடிவு சொல்லக்கூடாது என்கிறார்கள். பிறகு உறிஞ்சுகுழலின் கடைசித் துண்டுக்கும் பின்னங்கால் பாதத்தின் இரண்டாம் துண்டுக்கும் உள்ள விகிதம். நீளத்தைத் தனியாக எழுதினால் நன்றாகத் தின்று வளர்ந்ததும் பட்டினி கிடந்ததும் வேறு இனமாகத் தெரியும், விகிதம் அவ்வளவாக ஏமாற்றாது. முதுகிலும் தலையிலும் மெழுகு சுரப்பித் தட்டுகள் எங்கெங்கே இருக்கின்றன, ஒரு தட்டில் எத்தனை அறை என்பதும் பார்க்க வேண்டியது, ஆனால் காய்ந்த பூச்சியில் தோலைத் தெளிய வைக்காமல் அது தெரியாது.

இப்போது உன் கீயில் உள்ள கண்ணி. ஜியோய்காவின் தட்டை மயிரும், எறும்புக்குக் கொடுக்க இனிப்புத் துளியைப் பிடித்து வைக்கிற மயிர் வளையமும் புல் வேரில் வாழும் தலைமுறைக்கு உள்ள அடையாளங்கள். ஸ்மிந்துரோடஸின் நீண்ட இரண்டாம் துண்டும் வேரில் இருக்கும் சிறகில்லாத தலைமுறையை வைத்து எழுதினதுதான். இந்தக் கூட்டம் மரத்தில் ஒரு வாழ்க்கை, புல் வேரில் ஒரு வாழ்க்கை என்று சுற்றி முடிக்க இரண்டு வருடம் எடுக்கும். வேரில் தோண்டியெடுத்துப் பார்க்கிற ஆட்களுக்கு எழுதின கீயில் முடிச்சுக்குள் இருந்ததை ஓட்டினால் எங்கேயும் போய்ச் சேராது. கீயின் முதல் வரியில் எந்த உருவத்துக்கு என்று போட்டிருப்பார்கள், அதை யாரும் படிப்பதில்லை.

கடைசியாக ஒன்று, உடம்பைக் கேட்டாய், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டத்தில் முடிச்சின் வடிவம் உடம்பை விட நன்றாகப் பேசும். பைசோங்கியா பிஸ்தாசியே ஒரு சாண் நீளத்துக்குக் கொம்பு விடும், உள்ளே ஆயிரக்கணக்கில் இருக்கும். ஜியோய்கா இலை நடுநரம்பில் உருண்டை கட்டும். ஃபோர்டா இலை விளிம்பை மடித்து ஒட்டும். ஸ்லாவம் வெர்தைமே மொட்டில் காலிஃபிளவர் மாதிரி போடும். பிஸ்தாசியா மரங்களிலேயே சாறு குடித்துக்கொண்டு ஒவ்வொன்றும் வேறு வீடு கட்டுகிறது, வடிவத்தை முடிவு செய்வது மரத்தை விடப் பூச்சி என்றுதான் ஆராய்ச்சிக்காரர்களும் சொல்கிறார்கள். உன் சரக்குக்கு மருந்துச்சரக்கு நூல்களில் டாசியா ஈடிஃபிகேட்டர் என்ற பெயர் இருக்கும், எழுத்துப் பிழையோடும் சில இடத்தில் இருக்கும். அந்தப் பெயரை அப்படியே நகலெடுத்துப் புராஜெக்டில் போட்டுவிட்டு உடம்பைப் பார்க்காமல் விடுகிறவர்கள் நிறைய, நீ பார்க்கிறாயே, அது நல்லது.


தோவாளை_மாணவி எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா. கீயைத் திறந்து பார்த்தேன், தலைப்புக்குக் கீழேயே 'இரண்டாம் புரவலன் வேரில் உள்ள சிறகற்றவை' என்று இருக்கிறது. சிறகுள்ளவற்றை மட்டும் தனியாக எடுத்தால் முன்சிறகில் நடு நரம்பு கிளை விடவில்லை, பின்பக்கக் குழலும் இல்லை. ஆனால் மோப்பக் குழி எண்ண முடியவில்லை. பூச்சி கறுத்து, சுருங்கி, உணர்கொம்பு தலையோடு ஒட்டிப்போயிருக்கிறது. தொட்டால் ஒடிகிறது. காய்ந்ததை எப்படி ஸ்லைடு போடுவது?


திற்பரப்பு_கொடி எழுதியது:

நடுவில் வருகிறதற்கு மன்னிக்கவும். எங்கள் நல்லமிளகுக் கொடியில் தளிர் இலை விளிம்பு கீழ்ப்பக்கமாகச் சுருண்டு குழாய் மாதிரி ஆகிறது, பிரித்தால் உள்ளே கறுப்பாகக் குட்டிப் பூச்சி நெளிகிறது. இதுவும் அசுவினி முடிச்சுதானா? போட்டோ போட்டிருக்கிறேன்.


பறக்கை_லென்ஸ் எழுதியது:

திற்பரப்பு அண்ணே, அது அசுவினி இல்லை, இலைப்பேன். லயோத்ரிப்ஸ் கார்னியி என்று பெயர், மிளகுக் கொடிக்கே உரியது. உடம்பு ஒல்லியாக, நுனியில் குழாய் மாதிரி முடிந்திருந்தால், சிறகில் நரம்புக்குப் பதிலாக ஓரத்தில் மயிர் வரிசை இருந்தால் இலைப்பேன்தான். உங்கள் போட்டோவில் அந்தக் குழாய் வால் தெளிவாகத் தெரிகிறது.

தங்கச்சிக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. காய்ந்த சிங்கியில் கை வைத்துப் பாழாக்குவதற்கு முன்னால், நெருங்கின இரண்டு இனத்தை உடம்பால் பிரிக்கிற வேலையை உயிரோடு இருக்கிற பூச்சியில் பழகிக்கொள்ளலாம். உங்கள் கல்லூரி வாசலிலேயே வேலிக்கு வெட்டிவிட்ட ஃபைகஸ் செடி இருக்கும், பெஞ்சமினா. அதன் தளிர் இலை நடு நரம்பில் மடிந்து, செம்பழுப்புப் புள்ளியோடு மூடிக் கிடக்கும். பிரித்தால் உள்ளே கறுப்பு இலைப்பேன், மஞ்சள் குஞ்சு, வெள்ளை முட்டை எல்லாம் ஒரே இலையில். அது கைனைகோத்ரிப்ஸ் உசெலி. கல்லிச்சி மரத்தில், மைக்ரோகார்ப்பா, இதே போல மடித்து வாழ்வது கைனைகோத்ரிப்ஸ் ஃபிகோரம். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே அளவு, இரண்டையும் பக்கத்தில் வைத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ரொம்ப வருடம் இரண்டையும் ஒன்றாகவே போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். பிரிக்கிற இடம் ஒரே ஒரு மயிர். முன்மார்புத் தகட்டின் பின்மூலையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மயிர் இருக்கும், உசெலியில் அது நீளம், ஃபிகோரத்தில் தகட்டின் நடுவில் உள்ள சின்ன மயிர் அளவுக்குக் குட்டை. அவ்வளவுதான். ஆனால் அந்த மயிர் ஒடிந்திருந்தால் குட்டை என்று எழுதிவிடுவோம், அதனால் மயிர் முளைத்த குழியைப் பார்த்து, நுனி கூராக முடிகிறதா வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். செடியை வைத்துப் பூச்சிக்குப் பெயர் போடவும் கூடாது, பூச்சியைப் பார்த்துவிட்டு அப்புறம் செடியைக் கேட்டால் தப்பு குறையும்.

அந்த மடிப்புக்குள் ஆண்ட்ரோத்ரிப்ஸ் என்று இன்னொரு இலைப்பேனும் வாடகை தராமல் இருக்கும், அது முடிச்சு கட்டுகிற ஆள் இல்லை. முடிச்சுக்குள் இருந்ததெல்லாம் முடிச்சைக் கட்டினது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, சிங்கிக்கும் இது பொருந்தும். இந்த மாதிரி இலைப்பேன் முடிச்சுகளைச் சென்னை லயோலா கல்லூரியில் இருந்துகொண்டு டி.என். அனந்தகிருஷ்ணன் எவ்வளவு வேலை செய்து வைத்திருக்கிறார் என்று உங்கள் நூலகத்தில் தேடிப் பாருங்கள், நம் பக்கத்துச் செடிகளுக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

அசுவினிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் தென்னையின் குருத்திலும் இளங்காயிலும் கறுப்பு வட்டமாக, ஓரத்தில் வெள்ளை மெழுகு விளிம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் செரட்டாஃபிஸைப் பாருங்கள். வெள்ளை ஈயின் கூடு என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். திருப்பிப் போட்டால் நெற்றியில் இரண்டு குட்டிக் கொம்பு இருக்கும். தென்கிழக்கு ஆசியாவில் இந்தப் பேரினம் சாம்பிராணி மரத்துப் பேரினமான ஸ்டைராக்ஸில் முடிச்சு போடுகிறது. இங்கே அந்த மரம் இல்லாததால் முடிச்சை மறந்துவிட்டுத் தென்னையிலும் கமுகிலும் வருடம் முழுக்கப் பெண்ணாகவே பெருகிக்கொண்டிருக்கிறது.


திற்பரப்பு_கொடி எழுதியது:

நன்றி தம்பி. சுருண்ட இலையைப் பறித்து அழித்துவிடுகிறேன், நிழல் கூடினால் குறையுமா என்று வேறு திரியில் கேட்கிறேன்.


வேளிமலை எழுதியது:

பறக்கை தம்பி சொன்ன ஃபைகஸ் பயிற்சி நல்ல யோசனை. மயிர் ஒடிந்ததா என்று பார்க்கச் சொன்னது அசுவினியின் உணர்கொம்புக்கும் சேர்த்துத்தான்: கடைசித் துண்டு உதிர்ந்த கொம்பை 'ஐந்து துண்டு' என்று எழுதினால் இன்னொரு புது இனம் பிறந்துவிடும்.

ஸ்லைடு போடுகிற விதம். காய்ந்ததை ஊசியால் பிரிக்கப் போகாதே, முதலில் ஊற வை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு துளி விட்டு, முடிச்சின் ஓட்டுத் துண்டோடு சேர்த்துப் போட்டு மூடி வை. பூச்சி மூழ்கின பிறகு மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் எடுத்து 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்று. பிறகு அடிவயிற்றில் மிக மெல்லிய ஊசியால் ஒரு குத்து, அந்தத் துளை இல்லாவிட்டால் உள்ளே இருக்கிறது வெளியே வராது. 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, அந்தக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வைத்துச் சூடாக்கு, நேரடித் தீயில் காட்டாதே, கண்ணாடி போட்டுக்கொள், கையில் பட்டால் தோல் போய்விடும். உடம்பு தேன் நிறத்துக்கு வந்ததும் நிறுத்து. விட்டால் மயிரெல்லாம் உதிர்ந்து ஒன்றும் மிஞ்சாது. சிறகுள்ளது, ஃபண்டாட்ரிக்ஸ் இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போடாதே, மெல்லிய தோல் முன்னால் வெந்துவிடும்.

வெளியே எடுத்து, அடிவயிற்றை பிரஷ்ஷால் பைய அழுத்தி உள்ளே உள்ள குழம்பைத் தள்ளிவிட்டு, தண்ணீரில் அலசி, கிளேசியல் அசிட்டிக் அமிலத்தில் சிறிது நேரம், அப்புறம் கிராம்பு எண்ணெயில். நம் மாறாமலைக் கிராம்பு இந்த வேலைக்கும் உதவும், ஆனால் பல்வலிக்குக் கடையில் விற்கிற கலப்பு எண்ணெய் வேண்டாம், சுத்தமானது வேண்டும். கிராம்பு எண்ணெயில் உடம்பு கண்ணாடி மாதிரி தெளியும், உணர்கொம்பும் காலும் வளைந்து கொடுக்கும், அந்த நேரத்தில்தான் கொம்பை முன்பக்கமாகவும் காலை வெளிப்பக்கமாகவும் விரித்துவிட வேண்டும். பிறகு கனடா பால்சம் என்ற பிசின், மேலே கவர் ஸ்லிப்.

சீட்டில் எழுத மறக்காதே: எந்த முடிச்சு, எந்தக் கடையில் எப்போது வாங்கினது, எந்த உருவம். ஒரு முடிச்சின் பூச்சியை இன்னொரு முடிச்சின் பூச்சியோடு ஒரே ஸ்லைடில் வைக்காதே. மரம் எங்கே நின்றது என்று கடைக்காரருக்கே தெரியாது, அதனால் அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடு, 'இமயமலை' என்று ஊகித்து நிரப்பாதே.


தோவாளை_மாணவி எழுதியது:

சரி அண்ணா, அப்படியே செய்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். இரண்டு முடிச்சில் உருண்டைத் தாய் கிடைக்கவே இல்லை, வெறும் சிறகுள்ளதும் தோலும்தான். தாய் இல்லாமல் முடிச்சு இருக்குமா?


வேளிமலை எழுதியது:

இருக்கும். ஃபோர்டா, ஸ்மிந்துரோடஸ் போன்றவற்றில் முதல் தாய் தனக்கென்று ஒரு சின்ன முடிச்சு போட்டுக்கொள்வாள், கடைசியில் பெரிதாகும் முடிச்சைத் தொடங்குவது அவளுடைய மகள்கள், அங்கே தாயைத் தேடினால் கிடைக்கமாட்டாள். ஆனால் உன்னுடைய மற்ற முடிச்சுகளில் தாய் இருக்கிறாளே, அதனால் இங்கே அந்தக் கதை இல்லை. வெடித்துத் திறந்த முடிச்சு என்றால் வாய் வழியாக உதிர்ந்திருப்பாள், சாக்கில் குலுங்கி வந்த சரக்குதானே. ஓட்டில் பிளவு இருக்கிறதா என்று பார், பிளவில்லாத மூடின முடிச்சிலும் தாய் இல்லையென்றால் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு இங்கே போட்டோ போடு.